கட்டட வேலைத்தலத்தில் மின்சாரம்



வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுள் எதனுள் நுழைந்தாலும், எழும்பிக்கொண்டிருக்கும் தொடர்மாடி ஒன்றைக் காணாது மீள்வது அரிது. முன்னர் ஒரு குடும்பமும் ஒரு மாமரமும் இருந்த வளவிலே இன்று எட்டுக் குடும்பங்கள் குடிபுகக் காத்திருக்கின்றன. கொட்டாஞ்சேனையில் நிலம் இன்னும் நெருக்கமானது. ஜம்பட்டா வீதியை அண்டிய சந்துகளிலே பழைய வீட்டின் முகப்பை அப்படியே விட்டு, பின்புறத்தில் மாடிமேல் மாடியாக ஏற்றுகிறார்கள். சாரம், சீமெந்து மூடை, மணற் குவியல், இரும்புக் கம்பிக் கட்டு ஆகிய யாவும் வழிப்போக்கர் கண்ணிலே படுகின்றன. வேலைத்தலத்தின் ஊடே சேற்றிலும் நீரிலும் புரண்டு கிடக்கும் மின்வடம் மாத்திரம் எவர் கண்ணிலும் படுவதில்லை. அந்த மின்வடத்தைப் பற்றியும், அதனால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் சட்டம் யாரை அழைத்துக் கேட்கும் என்பது பற்றியுமே இன்று சில வார்த்தைகள் சொல்ல எண்ணுகிறேன்.

நான் மின்பொறியியல் கற்றவன் அல்லன். கலைத்துறையிற் பட்டம் பெற்றுப் பாடசாலை நடத்துபவன். ஆகையால் நான் சொல்லப்போவது பொறியியலாளருக்கு உரியதன்று. வீடு கட்டுவோருக்கும், கட்டுவிப்போருக்கும், கட்டுமிடத்துக்கு அயலிலே குடியிருப்போருக்கும் உரியது.

கொழும்பு மாநகருக்கு மின்சாரம் புதிய விருந்தாளி அன்று. 1895 ஆம் ஆண்டிலேயே பூஸ்தெட் சகோதரர் நிறுவனத்தார் கோட்டைப் பகுதியிலே மின்னிலையம் ஒன்றை நிறுவினர். 1950 இல் இலக்சபானா நீர்மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. இவ்வளவு காலம் பழகியும், மின்சாரம் மனிதனை எவ்வாறு கொல்கிறது என்பதை நம்மிற் பலர் அறிந்தோமில்லை. 'பெரிய கரண்ட்' தான் கொல்லும், வீட்டுக் கரண்ட் வெறுமனே 'அடிக்கும்' என்பது பலருடைய எண்ணம். இந்த எண்ணம் உயிருக்கு உலை வைப்பது.

சிறு கணக்கு ஒன்றைப் பாருங்கள். நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று. உலர்ந்த தோல் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கும். வியர்வையிலும் சீமெந்து நீரிலும் ஊறிய தோலுக்கு அந்தத் தடை மிகக் குறைவு. உடலின் தடை சுமார் 1000 ஓம் அளவிற்கு இறங்கிவிடும். அப்போது உடலினூடாகப் பாயக்கூடியது 230 மில்லியம்பியர். ஒரு மில்லியம்பியர் பாய்ந்தால் விரலிலே சுணைப்பு உண்டாகும். பத்து மில்லியம்பியரளவிலே கைத்தசைகள் இறுகிவிடும். பிடித்த பொருளை விட மனம் எண்ணினாலும் கை விடாது. ஐம்பது மில்லியம்பியரும் அதற்கு மேலும் நெஞ்சினூடாகச் சிறிது நேரம் பாய்ந்தால் இதயத் துடிப்பே குழம்பிவிடலாம். பழைய அறுபது வாற்று மின்குமிழ் ஒன்று எரிவதற்கு ஏறக்குறைய 260 மில்லியம்பியர் வேண்டும். அப்படியாயின், ஒரு மின்குமிழை எரிக்கும் மின்னோட்டத்தில் ஐந்திலொரு பங்கு ஓர் உயிரைப் போக்கப் போதும்.

"உருகி போட்டிருக்கிறோமே, ஆபத்து வந்தால் அது எரிந்து விடாதா?" என்று கேட்பார்கள். எரியாது. 13 அம்பியர் உருகி என்பது 13,000 மில்லியம்பியருக்கு இடங்கொடுக்கும் வாயில். ஒரு மனிதனைக் கொல்லும் ஐம்பதோ இருநூறோ மில்லியம்பியர் அந்த வாயிலினூடே போவதும் வருவதும் அதற்குத் தெரியவே தெரியாது. உருகியும், அதன் வேலையைச் செய்யும் சிறு சுற்றுடைப்பானும் காப்பது கம்பியை. அளவுக்கு மிஞ்சிய ஓட்டத்தாற் கம்பி சூடேறித் தீப்பிடியாமற் காப்பதே அவற்றின் தொழில். மனிதனைக் காப்பது அவற்றின் தொழிலன்று.

மனிதனைக் காப்பதற்கென்றே அமைந்த கருவி வேறொன்று உண்டு. வீட்டார் 'ட்ரிப் சுவிட்ச்' என்று வழங்கும் மின்கசிவு துண்டிப்பானே அது. அதன் வேலை ஒரு பண்டசாலைக் கணக்கப்பிள்ளையின் வேலையைப் போன்றது. ஒரு கம்பி வழியே வெளியே போன மின்னோட்டம் முழுவதும் மறு கம்பி வழியே திரும்பி வரவேண்டும். போனதும் வந்ததும் ஒன்றாயிருக்கும் வரைக்கும் அது வாளாவிருக்கும். போனதில் ஒரு பகுதி, யாரோ ஒருவருடைய கையினூடாகவும் காலினூடாகவும் நிலத்துக்கு இறங்கிவிட்டால் கணக்கு இடிக்கும். அந்தக் குறைவு 30 மில்லியம்பியரை எட்டுமுன்னரோ எட்டியவுடனோ, கண்ணிமைக்கும் பொழுதில் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அடி விழுந்தது தெரியும். ஆனால் இதயம் குழம்புமுன் மின்னோட்டம் நின்றுவிடும்.

இங்கேதான் நாம் சிந்திக்கவேண்டிய ஒரு முரண் இருக்கிறது. இந்தக் கருவியை நாம் எப்போது பொருத்துகிறோம்? சுவர் பூசி, தரைக்கு ஓடு பதித்து, வர்ணம் அடித்து, குடிபுகும் நாள் நெருங்கும்போது பொருத்துகிறோம். உலர்ந்த தரையிலே செருப்பணிந்து நடமாடப் போகும் வீட்டாருக்கு அது காவல். அதற்கு முன் பதினெட்டு மாதமோ இருபது மாதமோ ஈரக் கொங்கிறீற்றின் மேல் வெறுங்காலோடு நின்று, அதிர்வுக் கருவியையும் கல்லறுக்கும் கருவியையும் கையிலே பிடித்தவனுக்கு அந்தக் காவல் இல்லை. ஆபத்து மிகுந்த காலம் கழிந்த பின்னரே பாதுகாப்பு வந்து சேருகிறது.

சட்டப்படி தற்காலிக இணைப்புப் பெற்ற இடங்களிலே மானிக்கருகில் அத்தகைய துண்டிப்பான் இருப்பதும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் மழை நாளில் அது அடிக்கடி விழுகிறது, வேலை தடைப்படுகிறது. உடனே ஒருவர் அதைச் சுற்றிக்கொண்டு நேரே கம்பி இழுத்துவிடுகிறார். அது விழுவதே ஒரு செய்தி என்பதை அவர் உணர்வதில்லை. எங்கோ ஒரு வடத்தின் உறை கிழிந்திருக்கிறது, எங்கோ ஓர் இணைப்பு நீரிலே கிடக்கிறது என்று அது சொல்லுகிறது. சொல்லும் வாயை அடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள்.

வேலைத்தலத்தின் வழக்கங்கள் சிலவற்றை அயலார் யாவரும் கண்டிருப்பர். செருகி இல்லாத வடத்தின் இரு முனைகளையும் உரித்துக் குதையின் துளைகளிலே நுழைத்துத் தீக்குச்சியால் இறுக்குவது ஒன்று. மூன்று கம்பியுள்ள கருவிக்கு இரண்டு கம்பி வடத்தைப் பூட்டிப் புவித்தொடுப்பை விட்டுவிடுவது இன்னொன்று. புவித்தொடுப்பு என்பது கருவியின் உலோக உடலை நிலத்தோடு இணைக்கும் கம்பி. உள்ளே உறை கிழிந்து உலோக உடலில் மின் ஏறினால், அது மனிதனைத் தேடாது நிலத்துக்கு இறங்கி, உருகியையும் எரியச் செய்யும் நல்வழி அது. அந்த வழியை மூடிவிட்டால், அடுத்து அந்தக் கருவியைத் தொடுபவனே வழியாகிவிடுகிறான். கொங்கிறீற்றுக் கலக்கும் பொறிக்கும், அத்திவாரக் குழியிலிருந்து நீரிறைக்கும் பம்பிக்கும் இது பெரிதும் பொருந்தும். மூன்றாவது வழக்கம், வடத்தின் இணைப்பைக் கறுப்பு நாடாவாற் சுற்றி அதன்மேல் தள்ளுவண்டியை ஓட்டுவது. பிரித்தானியாவிலே வேலைத்தலக் கைக்கருவிகளுக்கு 230 வோல்ற்றைக் கொடுப்பதை ஒழித்து, நிலைமாற்றியொன்றின் மூலம் 110 வோல்ற்றாகக் குறைத்தே வழங்குவது நெடுநாள் வழக்கம். அந்த நிலைமாற்றியின் அமைப்பினால் ஒருவர் உடலினூடாக நிலத்துக்கு இறங்கக்கூடிய அழுத்தம் 55 வோல்ற்று அளவே. நம்மூரில் அது நாளைக்கே வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆயின் துண்டிப்பான் ஒன்றை வேலை தொடங்கும் முதல் நாளிலேயே வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. நல்ல குளியலறைக் குழாய்க்கு எண்ணாமற் காசு கொடுக்கும் நாம் இதற்கு எண்ணுவானேன்?

துண்டிப்பான் காக்க முடியாத ஆபத்தும் உண்டு. அது தலைக்கு மேலே ஒழுங்கையின் ஓரமாக ஓடுகிறது. 400 வோல்ற்றுக் கம்பிகளும், சில வீதிகளில் 11,000 வோல்ற்றுக் கம்பிகளும், நகர எல்லைக்கு வெளியே 33,000 வோல்ற்றுக் கம்பிகளும் உள்ளன. உயர் அழுத்தக் கம்பியைத் தொடத்தான் வேண்டுமென்பதில்லை; மிக அண்மையிற் சென்றாலே மின் காற்றினூடாகப் பாயக்கூடும். இருபதடி நீள இரும்புக் கம்பியைத் தரையிலிருந்து ஒருவர் நிமிர்த்தி மேல்மாடியில் நிற்பவருக்குக் கொடுக்கிறார். அந்தக் கம்பி ஒரு சாண் சாய்ந்தாற் போதும். ஒழுங்கை குறுகியது, மேல்மாடி முகப்போ கீழ்மாடியைவிட வெளியே நீட்டப்பட்டிருக்கிறது. ஆகவே கட்டடம் உயர உயர, மின்கம்பியை நெருங்குகிறது.

தஞ்சாவூருக்கு அண்மையிலுள்ள களிமேடு என்னும் ஊரிலே 2022 ஏப்பிரில் 27 ஆம் நாள் அதிகாலை நடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். திருவிழாத் தேரின் உச்சி உயர் அழுத்தக் கம்பியிலே பட்டுப் பதினொருவர் மாண்டனர். நாமும் ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருக் கோயில்களிலிருந்து பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் வேலை எழுந்தருளச் செய்யும் மரபுடையவர்கள். தேர் போகும் வழியிலே மேலே கம்பி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பதற்கு ஆள் வைக்க நமக்குத் தெரியும். ஆண்டில் ஒரு நாள் செல்லும் தேருக்கு அந்தக் கவனம். ஒன்றரை ஆண்டு நாள்தோறும் இரும்புக் கம்பி ஏறும் இடத்திலே அண்ணாந்து பார்க்க ஒருவரும் இல்லை! மின் வழங்குவோருக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து உரிய கட்டணம் செலுத்தினால் கம்பியை இடம் மாற்றவும், உறையிடவும், சில வேளைகளில் மின்னை நிறுத்தி வைக்கவும் வழியுண்டு. கம்பியின் மேற் கறுப்பு நிறமாக எதையேனும் கண்டால் அதைக் காப்புறை என்று நம்பிவிடலாகாது. மின்கம்பிக்கும் கட்டடத்துக்கும் இடையே விடவேண்டிய இடைவெளியை நகர அபிவிருத்தி அதிகார சபையின் கட்டட விதிகள் வரையறுத்துள்ளன. வரைபடத்திலே அந்த இடைவெளி இருக்கும். சாரம் கட்டும்போது அது எங்கே போகிறதென்பதுதான் கேள்வி.

இனிச் சட்டத்துக்கு வருவோம். என்னை இத்துறையிலே வாசிக்கத் தூண்டியது ஒரு மாணவனின் குடும்பத்துக்கு நேர்ந்த துன்பம். அவனுடைய தகப்பனார் மேசன்மாருக்குக் கையாளாக வேலை செய்தவர். கொங்கிறீற்று இறுக்கும் அதிர்வுக் கருவியின் வடம் கிழிந்திருந்ததால் மின் தாக்கி, உயிர் தப்பினார். வலக்கை கருகிப் பல மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. நட்டஈடு கேட்டபோது, "கொந்தராத்துக்காரரைக் கேள்" என்றார் காணிக்காரர். "நான் கூலிக்கு விட்ட பாஸைக் கேள்" என்றார் கொந்தராத்துக்காரர். அந்தப் பாஸோ, "இவருக்கு நியமனக் கடிதம் ஏதும் நான் கொடுக்கவில்லையே" என்றார். அந்த அம்மா என்னிடம் வந்து, "ஐயா, ஒரு கடிதம் எழுதித் தாருங்கோ, ஆருக்கு எழுதவேணும் எண்டுதான் தெரியேல்லை" என்றார்.

அவருடைய கேள்விக்கு நமது சட்டத்திலே விடை உண்டு. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் ஏற்பட்ட விபத்தால் உண்டாகும் காயத்துக்கு நட்டஈடு கொடுக்கும் கடமையை வேலைகொள்வோர் மேற் சுமத்துகிறது. வாய்மொழியாக வேலைக்கு அமர்த்தியதும் வேலைக்கு அமர்த்தியதே. கடிதம் இல்லை என்பது தப்பும் வழியன்று. இன்னும் முக்கியமானதொன்று உண்டு. தமது தொழிலின் அல்லது வியாபாரத்தின் பொருட்டு ஒரு வேலையை வேறொருவருக்குக் கொந்தராத்துக் கொடுத்தவர், அந்தக் கொந்தராத்துக்காரரின் வேலையாளுக்கும் தாமே நேரடியாக அமர்த்தியது போல நட்டஈடு செலுத்தக் கடமைப்பட்டவர் ஆகிறார். பின்னர் அதைக் கொந்தராத்துக்காரரிடமிருந்து அவர் அறவிட்டுக் கொள்ளலாம். ஆகவே தொடர்மாடி கட்டி விற்பதைத் தொழிலாகக் கொண்டவர், "அவன் என் ஆளல்லன்" என்று சொல்லிக் கைகழுவ முடியாது. உயிரிழப்பு நேர்ந்தால் நட்டஈட்டைக் குடும்பத்தின் கையிலே கடித உறையில் வைத்துக் கொடுப்பது முறையன்று. அது நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்யப்பட்டு, அவர் மூலமே தங்கிவாழ்ந்தோரைச் சேரவேண்டும். 2022 ஆம் ஆண்டின் திருத்தம் நட்டஈட்டின் உச்ச வரம்பை ஐந்தரை இலட்சம் ரூபாயிலிருந்து இருபது இலட்சமாக உயர்த்தியது. மலையகத் தோட்டத்திலிருந்து வந்து கொழும்பிலே மாண்ட ஒருவரின் சடலத்தோடு, வண்டிச் செலவும் சில்லறைத் தொகையும் கொடுத்தனுப்பிவிட்டுப் பெருங்கொடை செய்ததாக எண்ணுவோர் இதை அறிந்துகொள்வது நல்லது. அந்தப் பணத்தைப் பெற்றவர்கள் இதை அறிந்துகொள்வது அதைவிட நல்லது.

விபத்து நடந்தபின் கொடுக்கும் பணத்தைப் பற்றியது அந்தச் சட்டம். நடவாமற் தடுப்பதற்கு எழுந்தது 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். 1950 இல் நடைமுறைக்கு வந்த அது, பெயரளவிலே தொழிற்சாலைக்கு உரியதாயினும் கட்டட வேலைகளையும் தன் எல்லைக்குள் அடக்கிக்கொண்டது. உயிரைப் போக்கிய விபத்தையும், மூன்று நாளுக்கு மேல் முழுச் சம்பளம் உழைக்க முடியாதபடி செய்த விபத்தையும் எழுத்திலே அறிவிக்கவேண்டும் என்ற கடமை அதிலே உண்டு. தொழில் திணைக்களத்தின் கைத்தொழிற் பாதுகாப்புப் பிரிவிலுள்ள பொறியியலாளர்கள் வேலைத்தலத்தினுள் நுழைந்து பார்க்க அதிகாரம் பெற்றவர்கள். கவனயீனத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவும் காத்திருக்கிறது; ஐந்தாண்டு வரை சிறை விதிக்க அது இடங்கொடுக்கிறது. வடத்தைத் தீக்குச்சியால் இறுக்கியவன் மாத்திரமா அந்தக் கவனயீனத்துக்கு உரியவன், அதைக் கண்டும் வேலையைத் தொடரச் சொன்னவரும் அல்லவா என்பது நீதிமன்றம் ஆராயும் பொருள்.

சர்வதேசத் தொழில் அமைப்பு 1988 இல் கட்டட வேலைப் பாதுகாப்புக்கென 167 ஆம் இலக்கச் சமவாயத்தை ஆக்கியது. அதன் 26 ஆம் உறுப்புரை மின்சாரம் பற்றியது. மின் அமைப்புகளைத் தகுதியுடையவரே நிறுவிப் பேணவேண்டும் என்றும், வேலை தொடங்குமுன்னரும் நடக்கும்போதும் நிலத்தின் கீழும் மேலும் உள்ள உயிர்ப்புள்ள மின்கம்பிகளை அறிந்து காவல் செய்யவேண்டும் என்றும் அது கூறுகிறது. 'தொடங்குமுன்னர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1994 இல் பிரித்தானியா ஆக்கிய விதிகள் இன்னும் ஒரு படி சென்று, கட்டுவிப்பவர் மேலேயே கடமை சுமத்தின. பணம் கொடுப்பவர் நேரத்தையும் விலையையும் தீர்மானிக்கிறார். அவ்விரண்டையும் நெருக்கினால் முதலில் வெட்டப்படுவது பாதுகாப்பு என்பதே அதன் நியாயம். அது மறுக்க முடியாத நியாயம் என்பது என் கருத்து.

2017 மே 18 ஆம் நாள் வெள்ளவத்தை சார்லிமன்ட் வீதியிலே மாடிக் கட்டடமொன்று இடிந்து விழுந்தது. அது மின் விபத்தன்று. ஆயினும் இடிபாட்டினுள் ஆட்களைத் தேடிய அன்றே, அனுமதி யார் கொடுத்தார், யார் மேற்பார்வை செய்தார் என்ற கேள்விகளும் எழுந்தன. மின்தாக்கி ஒருவர் மாயும்போது இத்தகைய கேள்வி எழுவதில்லை. சத்தமில்லை, புழுதியில்லை, மாலையிலே வடத்தைச் சுருட்டிவைத்தால் தடயமும் இல்லை.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து பணம் அனுப்பி இங்கே வீடு கட்டுவிப்போர் நம்மிடையே பலர். அவர்கள் வேலைத்தலத்தைக் காண்பது கைத்தொலைபேசிப் படத்திலே. தமக்கென வீடு கட்டுவிப்பவர், கட்டி விற்கும் வியாபாரியைப் போலச் சட்டத்தின் அதே வாசகத்துக்குள் அடங்குவார் என்று எப்போதும் சொல்லமுடியாது. ஆதலால் ஒப்பந்தப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது சிறந்தது. தற்காலிக இணைப்பைக் கட்டடத்தின் பெயரிலேயே பெறுவது, 30 மில்லியம்பியர் துண்டிப்பானை முதல் நாளே பொருத்துவது, தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழுள்ள மின்னிணைப்பாளர் ஒருவரின் பெயரைக் குறித்து வாரந்தோறும் வடங்களைப் பார்வையிடச் செய்வது, வேலையாட்களுக்குக் காப்புறுதி எடுப்பது ஆகிய நான்கும் இருந்தால் போதும். தரைக்கு எந்த நாட்டு ஓடு என்று இரண்டு பக்கம் எழுதும் பத்திரத்திலே இதற்கு நான்கு வரி இடம் கிடைக்காதா? படம் அனுப்பச் சொல்லும்போது, வரவேற்பறையின் படத்தோடு மானிப் பலகையின் படத்தையும் அனுப்பச் சொல்லலாம். துண்டிப்பானிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது உடனே விழவேண்டும். விழாவிட்டால் அது சுவரிலே தொங்கும் வெறும் பெட்டி.

எவ்வளவு செய்தும் ஒருவரை மின் பிடித்துவிட்டால், அவரைத் தொட்டு இழுக்க ஓடாதீர்கள். இழுப்பவரையும் அது பிடிக்கும். முதலில் மின்னை நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிடின், வீட்டு அழுத்தமாயின், உலர்ந்த பலகையின் மேல் நின்று உலர்ந்த தடியால் வடத்தைத் தள்ளுங்கள். மேலே ஓடும் கம்பியாயின் தடியும் உதவாது. தூர நின்று மின் வழங்குவோரை அழைத்து நிறுத்தச் செய்யவேண்டும். ஆபத்து நீங்கியதும், மூச்சில்லையாயின் நெஞ்சை அழுத்தி மூச்சூட்டத் தொடங்கி, 1990 என்ற எண்ணுக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள். எழுந்து நின்று "எனக்கொன்றுமில்லை" என்று சொல்பவரையும் வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். தோலிலே சிறு புள்ளியாகத் தெரியும் தீப்புண் உள்ளே ஆழமாக இருக்கலாம். இதயத் துடிப்புச் சில மணி நேரம் கழித்தும் குழம்பலாம். அந்தக் கருவியையும் வடத்தையும் கிடந்த இடத்திலேயே, மின்னைத் துண்டித்தபடி, பரிசோதகர் வந்து பார்க்கும் வரை விட்டுவையுங்கள்.